கேட்கக் கூடாத கேள்வி

"என் பொண்டாட்டிகிட்ட என்ன கேட்டீங்க நீங்க?"

நந்தகுமார் கதவைத் தள்ளிய வேகத்தில், மனநலப் பிரிவில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் பாம்பூஃப்ளாட் ஃபெர்ரிப் படகில் வேலை. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், டியூட்டி முடிந்த கையோடு சாத்தம் ஜெட்டியிலிருந்து நேரே வந்திருந்தார். அவர் மனைவி நளினியும் பின்னாலேயே வந்தாள்.

நர்ஸ் ரஷீதாவுக்கு நளினியை ஞாபகம் இருந்தது. போன வாரம், தூக்கம் வரவில்லை என்று வந்தவள்.

"உள்ள வந்து உட்காருங்கண்ணா" என்று இருவரையும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். நளினி கதவோரமே நின்றுகொண்டாள்.

"தூக்கம் வரலைன்னு வந்தவகிட்ட, 'செத்துப்போயிடலாம்னு தோணுதா'ன்னு கேக்கிறதா? வாயில நல்ல வார்த்தையே வராதா சிஸ்டர்? மேல சுத்திக்கிட்டிருக்கிற தேவதை 'ததாஸ்து, அப்படியே ஆகட்டும்'னு சொல்லிட்டா?"

"இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்ணா."

"கேட்டா, இல்லாத நினைப்பும் வந்துடாதா?"

"நானும் முதல்ல அப்படித்தான் பயந்தேன். ஆனா பல ஊர்ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. கேக்கறதால அந்த நினைப்பு வந்துடறதில்ல. ஏற்கெனவே மனசுல வெச்சுப் புழுங்கறவங்களுக்கு, அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களேன்னு இருக்கும். அதனாலதான் சுத்தி வளைக்காம கேளுங்கன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க."

"அரே, சோடோ, விடுங்க சிஸ்டர்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?"

சொல்லிவிட்டு எழுந்தார். கதவு வரைக்கும் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சரி, ஒருத்தன் 'ஆமா'ன்னு சொல்றான்னு வைங்க. கட்டிப் போட்டுடுவீங்களா?"

"ஐயோ, இல்லண்ணா. பேசுவோம். டாக்டர் பாப்பாரு. வீட்ல எதையெல்லாம் கைக்கு எட்டாம வைக்கணும், மனசு தாங்காதப்ப யாரைக் கூப்பிடணும்னு அவங்களோட சேர்ந்தே முடிவு பண்ணுவோம்."

"ஆபீஸுக்குச் சொல்லிடுவீங்க. வேலை போயிடும்."

"ஆபீஸுக்கு எதுக்குண்ணா சொல்றோம்?"

"அப்படிச் சொன்னவங்க... அப்புறம் நல்லா ஆகியிருக்காங்களா?"

"நிறையப் பேர்."

சண்டைக்கு வந்த மனுஷன் இப்படிக் குடைந்து குடைந்து கேட்பது ரஷீதாவுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நளினியின் பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்டது உங்களைக் கஷ்டப்படுத்திடுச்சா நளினி? அன்னிக்குச் சட்டுனு 'இல்ல'ன்னு சொன்னீங்க. வீட்டுக்குப் போய் அண்ணன்கிட்ட புகார் சொல்ற அளவுக்கு வருத்தமா?"

"வருத்தமே இல்ல சிஸ்டர். இவருக்குக் கோபம் வரணும்னுதான் ஒண்ணுக்கு ரெண்டா சொன்னேன்."

நந்தகுமார் தலை நிமிரவில்லை. நளினி மெல்ல வந்து அவர் தோளில் கை வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"தூக்கம் போனது எனக்கில்ல சிஸ்டர், இவருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வர மாட்டார். சண்டை போடறதுன்னா வந்துடுவார். அந்தக் கேள்வியைக் கேக்க எனக்கு வாய் வரல. நீங்க கேளுங்க."