இடது கை செல்லாது

ஒரே அடிதான். நாறும்பூநாதனின் வலது கை முழங்கைக்குக் கீழே சடக்கென்று ஒடிந்து தொங்கியது.

மனுஷர் வில்வண்டியிலிருந்து சரிந்து சேற்றில் விழுந்தார். வண்டிக்காரன் மாட்டையும் மறந்து மேலகரம் பக்கமாக ஓட்டம் பிடித்தான். சாரல் பொடிப்பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது.

முகத்தில் துண்டைக் கட்டியிருந்த சங்கிலிப்பாண்டி இரண்டாவது அடிக்குக் கம்பை ஓங்கினான். பூண் போட்ட கம்பு. தலையில் இறக்கியிருந்தால் அங்கேயே ஆள் தீர்ந்திருப்பார். ஆனால் அவனுக்குச் சொல்லியனுப்பியது வலது கை மட்டும்தான். ஒடிந்த இடத்திலேயே இன்னொன்று போட்டான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் அலறிய அலறலில் மாடுகள் மிரண்டு வண்டியோடு வயலுக்குள் பாய்ந்தன.

சொல்லியனுப்பியவர் சுந்தரபாண்டியன், சாத்தாம்பேரிக்கு ஊர்ப்பெரியவர்.

சாத்தாம்பேரியை டவுனோடு சேர்ப்பதா வேண்டாமா என்று அன்று மத்தியானம் டவுன் போர்டில் ஓட்டு. சேர்த்தால் வீட்டுவரி வரும், அதுகூடப் போகட்டும். ஊர்க்காவல் போய்விடும். டவுன் போலீஸ் வந்து நிற்கிற இடத்தில் கம்பும் கையுமாக ஒரு காவல்காரன் எதற்கு?

சங்கிலிப்பாண்டியின் வீடு பாட்டன் காலத்திலிருந்து காவல் பார்த்த வீடு. காவல் போனால் களத்தில் அவனுக்கு நெல் கிடையாது. கோயில் கொடையில் முதல் திருநீறு கிடையாது. அப்புறம் அவனை எவன் மதிப்பான்?

போர்டில் ஏழு பேர். தலைவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்க்க வேண்டும் என்கிற கட்சி. மூன்று பேர் கூடாது என்கிற கட்சி. ஏழாவது ஆள் நாறும்பூநாதன். அவர் எந்தப் பக்கமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முந்தின வாரம் குற்றாலத்தில் அவரும் தலைவரும் ஒரே கிண்ணத்து எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போனதை ஊரே பார்த்தது. ஒன்றாக எண்ணெய் தேய்த்துக் குளித்த மனுஷர் எதிர்த்துக் கை தூக்குவாரா? சாத்தாம்பேரிக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

சரி, ஏன் வலது கை? கேட்டால் சிரிப்பீர்கள். அந்தப் போர்டில் இடது கை செல்லாது. எப்போதோ ஓர் உறுப்பினர் வலது கையில் மூக்குப்பொடியை வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கப்போய், சபையை அவமதித்துவிட்டார் என்று பெரிய ரகளையாகி, அன்றிலிருந்து அப்படி ஓர் ஏற்பாடு. ஆகவே வலது கை போனால் ஓட்டும் போச்சு. மூன்றுக்கு மூன்று என்று நிற்கும். சரிசமமானால் சாத்தாம்பேரியில் அம்மன் முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். டவுனிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். அம்மன் தன் ஊரையா விட்டுக்கொடுப்பாள்?

மத்தியானம் போர்டு ஆபீஸ் ஜன்னலோரம் கூட்டத்தோடு கூட்டமாகச் சங்கிலிப்பாண்டியும் நின்றான். முகத்தை மறைத்த துண்டு இப்போது தோளில் கிடந்தது.

நாறும்பூநாதன் வர மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தார். இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய கையிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்டப் படியேறி, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். என்ன நெஞ்சழுத்தம்! அடித்தவனுக்கே ஒரு நொடி அவர்மேல் மரியாதை வந்தது.

தலைவர் ஓட்டுக்கு விட்டார். சேர்க்க வேண்டும் என்று மூன்று கைகள் எழுந்தன. வேண்டாம் என்று மூன்று கைகள் எழுந்தன. அவற்றோடு ஓர் இடது கையும் எழுந்தது.

"அந்த ஊர்ல எனக்கு வயலு இருக்குய்யா. இன்னைக்கி வரைக்கும் ஒரு கதிரு களவு போனதில்ல. சங்கிலிப்பாண்டி காவல் பாக்குத ஊருக்கு ஒங்க போலீசு எதுக்கு?" என்றார் நாறும்பூநாதன். தூக்கிய கையை அவர் இறக்கவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த சங்கிலிப்பாண்டி தோளில் கிடந்த துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

இடது கை செல்லாது என்று தலைவர் வருத்தமாகத்தான் சொன்னார். சரிசமமானால் தலைவருக்கு இன்னோர் ஓட்டு உண்டு என்று சட்டத்தைப் படித்துக் காட்டினார். பிறகு தன் வலது கையை மறுபடியும் தூக்கினார். பூவும் இல்லை, அம்மனும் இல்லை. சாத்தாம்பேரி டவுனோடு சேர்ந்துவிட்டது.

அட பாவி, அப்போதாவது ஓடியிருக்கலாம்! ஓடவில்லை. சங்கிலிப்பாண்டி கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். தடுக்க வந்த சேவகனைத் தூக்கிச் சுவரோடு அறைந்தான்.

"அந்தக் கைய எண்ணுங்கய்யா! வலது கைய ஒடிச்சது நாந்தான். என்னைய ஜெயில்ல போடுங்க, அந்தக் கைய எண்ணுங்க!"

யாரும் எண்ணவில்லை. தீர்மானம் எழுதியாகிவிட்டது. நாலைந்து பேர் அவன்மேல் விழுந்து, கையைப் பின்னால் முறுக்கி, மூக்கிலும் வாயிலும் ரத்தம் வரும்வரை மிதித்தார்கள். அதுவரை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த ஊர்ப்பெரியவர் சுந்தரபாண்டியனைக் காணவில்லை.

நாறும்பூநாதன்தான் "போதும், விடுங்க" என்று அவர்களை நிறுத்தினார். வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து, தரையில் கிடந்தவனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏலே, வண்டிய மறிச்சியே... ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேலே."