ஆறு ஏரிகள்

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மீட்புக் குழுவின் தலைவர், வயர்லெஸ்காரர், காணாமல் போனவனின் மனைவி, அவனுடைய தம்பி. ஐந்தாவது ஆள் மேஜையில் விரித்திருந்த மேப்பில் எங்கேயோ கிடந்தான்.

மனைவியின் உதடு வெடித்திருந்தது, கண் சிவந்திருந்தது. மூன்று நாள் அழுகை என்று யாரும் சொல்வார்கள். கண்ணீர் விழுந்து மேப்பு நனையப் போகிறதே என்று தலைவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கும்மா. இப்ப யோசிங்க. அவரு எந்தப் பக்கம் போயிருப்பாரு?"

மேலே ஏரிக்கு ஏரி பாதை கிடையாது. மேப்பைப் பார்த்து அவரவரே வழி போட்டுக்கொண்டு போக வேண்டும். போட்ட வழியை ஒரு சீட்டில் எழுதி இந்த அறையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவன் கொடுக்கவில்லை.

"நான் லீவுல இருந்த நேரமா பாத்துக் கிளம்பியிருக்காரு," என்றார் தலைவர்.

"எங்கிட்டயும் குடுக்கல சார். எப்பவும் தவறாம குடுக்கிற ஆளு," என்றார் வயர்லெஸ்காரர்.

"கடைக்குப் போனாக்கூட லிஸ்ட் எழுதி வச்சுட்டுப் போறவரு எங்கண்ணன்," என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

போய் எட்டு நாள். மூன்று நாள் முன்பே இறங்கியிருக்க வேண்டும். இரண்டு நாளாக மூடியிருந்த மூட்டம் இன்று காலைதான் விலகியது. நாளை பனி கொட்டும் என்று தகவல் வந்திருந்தது. கொட்டிவிட்டால் அடுத்த கோடை வரை மேலே ஒருவனும் கால் வைக்க முடியாது. கையில் இருப்பது ஒரு பகல், இரண்டு குழுக்கள்.

"தண்ணி பக்கத்துலதான் டென்ட் போடுவாரு. கால் ஒடிஞ்சு கெடந்தாலும் தண்ணி கெடைக்கும், போத்திக்கப் பை இருக்கு. அண்ணன் தாங்குவாரு சார்," என்றான் தம்பி.

தலைவர் நீலப் பென்சிலால் ஏரிகளை வட்டமிட்டார். மேற்கே நாலு, கிழக்கே ரெண்டு. ஒரு நூலை எடுத்து மேற்கு ஏரிகளின் நடுவே வளைத்து வளைத்து வைத்து அளந்தார்.

"வழி இதுதான். இந்தக் கல்லுச் சரிவை வெயில் ஏறறதுக்குள்ள தாண்டணும். ஏறிட்டா பனி இளகி கல்லு உருளும். மணிக்கு ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான் போக முடியும்."

"கிழக்க யாரும் போக வேணாமா?"

"அது செங்குத்துப் பாறை தம்பி. மூட்டையைச் சுமந்துக்கிட்டு அதுல ஏற உங்கண்ணன் என்ன ஆடா?"

"மேப்பு பன்னெண்டு வருஷம் பழசு சார்," என்று இழுத்தார் வயர்லெஸ்காரர். "அந்தப் பக்கம் பனி உருகி, தண்ணி தேங்கி எடமே மாறியிருக்கும்."

"பனிதான்யா உருகும். மலையுமா உருகும்?"

தம்பிக்கு மனம் ஆறவில்லை. "ஒரு குழு மட்டும் கிழக்க போகட்டுமே சார்."

"ஆளைப் பிரிச்சா ரெண்டு பக்கமும் அரைகுறைதான். உங்க இஷ்டம். உங்க அண்ணன், நீங்களே சொல்லுங்க."

தம்பி மனைவியின் பக்கம் திரும்பினான். "அண்ணி, கிளம்பறப்ப ஏதாவது சொன்னாரா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்னத்தக் கண்டேன்? அந்த மலைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல. ஏழு ஏரியையும் பாத்துட்டுத்தான் வருவேன்னாரு. மேற்க இருந்து ஆரம்பிப்பேன்னாரு. அவ்வளவுதான் தெரியும்."

தலைவரின் பென்சில் முனை ஒடிந்தது. அவர் அதைச் சீவத் தொடங்கினார். வயர்லெஸ்காரர் பேட்டரிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி சொன்னா சரி," என்று தம்பி ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினான். "ரெண்டு குழுவும் மேற்கயே போகட்டும் சார்."

கிளம்பும்போது தன் பையிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "சூடா டீ இருக்கு அண்ணி. காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல நீங்க. அண்ணனோடதான் வருவேன். அழாதீங்க."

பிறகு தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "உங்களைத்தான் சார் மலை போல நம்பியிருக்கேன்."

"எனக்கும் அவரு ஃப்ரெண்டுதான் தம்பி. நானே வந்திருப்பேன். இங்க வயர்லெஸ்ல ஒரு ஆள் வேணுமே."

வெளியே எட்டுப் பேர் கயிறும் கோலுமாக நின்றிருந்தார்கள். தம்பி முன்னால் நடந்தான், வயர்லெஸ்காரர் கடைசியில். கடைசி முதுகும் மேற்கு வளைவில் திரும்பி மறையும் வரை தலைவர் வாசலிலேயே நின்றார்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சாவியை இரண்டு முறை திருப்பினார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏழுன்னு எதுக்குடி சொன்ன? மேப்புல ஆறுதான் இருக்கு. ஏழாவதைப் பாத்தது நாம மூணு பேரு மட்டுந்தான்."