பலகைப் பாலத்தில் ராக்கம்மா

“சட்டைய விடுறேன். நீங்க அந்தக் கரையில போய் நின்னு பேசுங்க,” என்றாள் ராக்கம்மா.

என் பெண்டாட்டி என் சட்டை நுனியை விட்டுவிட்டு நடக்கப் போவது பத்தொன்பது வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை.

கீழே ஆறு, மேலே ஒற்றைப் பலகை. நாங்கள் வேலைக்கு இருப்பது கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அந்தக் காலத்தில் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் ரப்பர் பால்வாளி தொங்க, இதே பலகை மேல் ஓடுவாள். ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். பார்க்கிற நான்தான் கண்ணை மூடிக்கொள்வேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவள் காதையும் கொண்டுபோனது, காலின் நிதானத்தையும் கொண்டுபோனது.

அது எங்களுக்கு உடனே தெரியவில்லை. காய்ச்சல் விட்ட மறுநாளே பெரட்டுக்கு வந்துவிட்டாள். பெரட்டு என்றால், விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நான்தான் கூப்பிடுவேன்.

தள்ளாடி வந்தவளைப் பார்த்து வரிசையே சிரித்தது. மண்டோர் வீட்டம்மாவுக்குக் காலையிலேயே கள்ளு என்றார்கள். உடம்பு வலிக்கு ஊற்றிக்கொண்டாள் போல என்று நானும் நினைத்தேன். மானம் போச்சே என்று நின்றேன். முட்டாப்பய நான்.

அதன் பிறகு அவள் பால்மரம் சீவப் போகவே இல்லை.

போன வருஷம் கோலாலம்பூரில் காதுக்குப் பின்னால் அறுத்து உள்ளே கேட்கிற கருவி வைத்தார்கள். சின்னப் பிள்ளைக்கு வைத்தால் காதும் காலும் சேர்ந்து பழகிக்கொள்ளும், நாற்பத்தாறு வயதில் மெல்லத்தான் வரும், ஏதாவது சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்றார் டாக்டர்.

அக்கரையில் நின்று வாயைத் திறந்தால் எனக்குப் பேச்சே வரவில்லை. இத்தனை வருஷம் கைச்சாடையில் குடும்பம் நடத்தியவனுக்கு என்ன பேச்சு வரும்?

பலகையில் நாலடி வைத்தவள் ஆடினாள். “பேசுங்க லா!”

எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு, பழைய பெரட்டுப் பேர் வரிசை, வாயில் வந்தது.

“வீரமுத்து!”

ஓரடி வைத்தாள்.

“பஞ்சாலை!”

இன்னோரடி.

வீரமுத்து இப்போது டவுன் பக்கம் லோபாக்கில் டாக்சி ஓட்டுகிறான். பஞ்சாலை செத்துப்போய்விட்டாள். லயத்தில் பாதி வீடு காலி. அந்த விடியல்களில் ஒன்றே ஒன்று திரும்பி வராதா என்று இருந்தது. இன்னும் உரக்கக் கத்தினேன்.

“நல்லசாமி! செல்லம்!”

அடுத்த பேர் தானாக வந்தது.

“ராக்கம்மா!”

நடுப்பலகையில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“காச்ச விட்ட மறுநாள் பெரட்டுலயும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பீங்க. பாழாப்போன காது, எனக்குத்தான் கேக்கல. அத நெனச்சு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா?”

அடுத்த பேரைக் கூப்பிட மறந்தேன். சத்தம் நின்றதும் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கை காற்றில் துழாவியது. எதையாவது சொல்லியாக வேண்டும்.

“ராக்கு, நான் கூப்பிடல! அன்னிக்கு எல்லார் பேரையும் கூப்பிட்டேன். வெக்கப்பட்டு ஒன் பேர மட்டும் விட்டுட்டேன்!”

அவளுக்குக் கேட்டுவிட்டது.

பலகை மேல் கொஞ்சமும் ஆடாமல் நின்றாள்.