மூன்றாம் ஓலை

"ஏனுங்க, நம்ம கல்யாண ஓலையை ரெண்டு ஞாயித்துக்கெழமை கோயில்ல வாசிச்சாச்சு. இன்னிக்கு மூணாந்தடவை வாசிக்கறப்ப யாராச்சும் எந்திரிச்சுத் தடை சொல்லீட்டா?"

மூடுபனியில் மிதப்பது போல மாதா கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தாள் ஜெசிந்தா. ஓயாமல் பேசுகிறவள். கூட வந்த, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சிங்கராயரோ, மனைவி இறந்த நாலு வருஷமாகப் பேச்சையே மறந்திருந்தவர். இவள் பேசிப் பேசியே அவரைச் சிரிக்க வைத்திருந்தாள்.

"யாரு சொல்லப் போறாங்க?"

"உங்க மாமியாருதான். ரெண்டு வாரமா என்னையே மொறச்சுப் பாக்கறாங்க."

மகளைப் பறிகொடுத்தவளை நினைத்துக்கொண்டே அவர் நடையை எட்டிப் போட்டார்.

பூசையில் சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். "சூசை மகன் சிங்கராயருக்கும், கன்னியர் மடத்தில் வளர்ந்த ஜெசிந்தாவுக்கும் திருமணம். தடை இருந்தால் தெரிவிக்கவும்."

மாமியார் தெரசம்மாள் எழுந்தாள்.

"ஓலையில குத்தம் இருக்குதுங்க சாமி. மாப்பிள்ளைக்கு அப்பன் பேரு வாசிக்கறீங்க. பொண்ணுக்கு அம்மா பேரு எங்கீங்க?"

"அந்தப் பொண்ணுக்கு யாரும் இல்லையேம்மா."

"எம் மக இருந்த எடத்துக்கு வர்றவ எனக்கும் மகதானுங்களே? எம் பேரைச் சேத்தி இன்னொருக்கா வாசிங்க."

பெண்கள் பக்கம் ஜெசிந்தா வாயடைத்து நின்றாள். ஆண்கள் பக்கமிருந்து சத்தமாக ஒரு குரல் வந்தது.

"வாசிங்க சாமி!"

சிங்கராயர்தான்.