ஜெனரேட்டர் சுருதி

பர்மியப் புறநகரான தாகேதாவின் தகரக் கூரைகளில் மாலை வெயில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. மாடியறையில் பூர்ணா கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறாள். அவளோடு இதே அறையில் கிட்டார் வாசித்த நண்பன் நேலின், மான்செஸ்டருக்குப் படிக்கப் போன இடத்தில் இரண்டு வெள்ளைக்காரர்களைச் சேர்த்து அமைத்த இசைக்குழுவின் முதல் பாட்டு அது. அவளையும்தான் கூப்பிட்டான், நோயாளி அம்மாவைத் தனியே விட மனம் வரவில்லை. தொடக்கத்தில் புது டிரம்மர் "தித், நித், தோன், லே" என்று பர்மிய மொழியில் எண்ணுகிறான். அது அவள் எண்ணிக் கொடுத்த எண்ணிக்கை. விரல்கள் தாமாக முழங்காலில் தட்டுகின்றன. மூலையில் அவளுடைய டிரம்களின் மேல் அம்மாவின் புடவை காய்கிறது. சட்டென்று மின்சாரம் போய், கீழே மொஹிங்கா நூடுல்ஸ் கடை ஜெனரேட்டர் உறுமத் தொடங்குகிறது. அந்த உறுமலை நிறுத்த வழியில்லாமல், அதற்கே கிட்டாரைச் சுருதி சேர்த்துப் பழகியவர்கள் அவளும் நேலினும். இப்போதும் மான்செஸ்டர் கிட்டார் அதனோடு இம்மியும் பிசகாமல் இழைகிறது. கட்டிலில் படுத்திருக்கும் அம்மா தலையைத் தூக்குகிறாள். "யாரும்மா இது? நம்ம மிஷின் சத்தத்தோட அப்படியே சேருதே!" பூர்ணா விரல்களை மடக்கிக்கொள்கிறாள். "யாரோ சீமைக்காரங்கம்மா."