முந்நூற்றுப் பன்னிரண்டாம் பாடம்

மூல வியாதிக்காக மூன்று நாள் விடுப்பு கேட்டு எழுதிய கடிதத்தை, 'வாங்க, இத்தாலியன் பேசலாம் – பாடம் 312' என்ற தலைப்பில் தன் வலைப்பூவில் ஏற்றிவிட்டார் செம்மல்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவசரம். பாடமும் கடிதமும் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மாற்றி எடுத்து ஒட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பதினோரு பின்னூட்டங்கள்.

'எளிமையான விளக்கம் ஐயா.'

'என் போன்றவர்களுக்கு மிகவும் பயனுள்ள பதிவு.'

'அடுத்த பாடத்துக்குக் காத்திருக்கிறேன்.'

மனம் குளிர்ந்துபோய்ப் பதிவை ஒருமுறை படித்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'உட்கார இயலாத நிலையில் அவதிப்படுவதால்' என்று தொடங்கி, கடைசியில் செல்போன் எண் வரை அப்படியே இருந்தது.

முதலில் கூச்சம் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. பாராட்டிய பதினோரு பேரில் ஒருத்தர்கூடப் படிக்கவில்லை. அழிக்கப் போன கையை நிறுத்திக்கொண்டார். இன்னும் எத்தனை பேர் வந்து விழுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

செம்மல் திருமயம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நூலகர். யாருமே எடுக்காமல் தூசி பிடித்துக் கிடந்த ஒரு இத்தாலியப் புத்தகத்தைப் பாவம் பார்த்துத் திறந்தவர், அதிலேயே விழுந்துவிட்டார். "இத்தாலிக்குப் போறீங்களா சார்?" என்று கேட்காத ஆள் இல்லை. அவர் திருச்சியைத் தாண்டியதில்லை. ஒருமுறை திருமயம் கோட்டைக்கு வெள்ளைக்காரர்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார். அவர்கள் ஜெர்மன்காரர்கள்.

கத்தரிக்காய்க்கு இத்தாலியில் என்ன பேர் என்று தெரியும், கடையில் என்ன விலை என்று தெரியாது என்பது அவர் மனைவி உண்ணாமலையின் நிரந்தரக் குறை. இருந்தாலும் ஆறு வருடமாக வாரம் ஒரு பாடம் தவறியதில்லை. மைத்துனர் கல்யாணத்தன்று மண்டபத்துப் பந்தி மேசையில் லேப்டாப்பை வைத்துக்கூட ஒரு பாடம் எழுதியிருக்கிறார்.

புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து தெரியாதவர்கள் கிடையாது. வலைப்பூ எழுதுகிறவர்களுக்குள்ளும் அதே முறைதான். நீ எனக்கு ஒரு 'அருமை' வைத்தால், நான் உனக்கு ஒரு 'அருமை' வைப்பேன். வெற்றிசெல்வனின் கவிதைக்கும், கட்டுமாவடி ஞானமணியின் மீன் சமையலுக்கும் செம்மல் வாராவாரம் மொய் வைத்துவிடுவார். அதில் ஞானமணி மட்டும் ஒரு வருடமாகத் திருப்பி வைக்கவில்லை. நன்றி கெட்ட பொம்பளை என்று அவரைப் பற்றி எப்போதோ தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்.

ஆற்றமாட்டாமல் வெற்றிசெல்வனுக்குப் போன் போட்டு, இன்றைய பாடம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"ரெண்டு தடவை படிச்சேன் சார். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்குற மாதிரி இருந்துச்சு."

செம்மல் போனை வைத்தார். ஆறு வருடம் சுவரோடா பேசிக்கொண்டிருந்தோம்? போதும், இன்றோடு வலைப்பூவை மூடிவிடுவது என்று முடிவு செய்தார். போகிற போக்கில் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போவோம் என்று, 'படிக்காமலே பாராட்டும் பாவிகளுக்கு' என்று ஒரு கடைசிப் பதிவை எழுதினார். அதை ஏற்றப் போகும்போது போன் அடித்தது.

"சார், கட்டுமாவடியிலேருந்து ஞானமணி பேசுறேன். பாடத்துக்குப் பதிலா லீவு லெட்டரப் போட்டுட்டீங்க. ஒங்க நம்பரும் அதுலதான் இருந்துச்சு. இன்னும் நாலு பேரு பாக்குறதுக்குள்ள எடுத்துருங்க. ஒடம்பு இப்பத் தேவலையா?"

என் பாடங்களைப் படிக்கிறீர்களா என்று கேட்டார் செம்மல். அவருக்கே அது கெஞ்சுவது மாதிரி கேட்டது.

படிக்காமல் என்ன என்றார் ஞானமணி. மகள் ஷர்லி இத்தாலியில் நர்ஸ். அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மாவுக்கு அவர்கள் பாஷையைத் தவிர ஒன்றும் தெரியாது. செம்மலின் பாடங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஞானமணி வாராவாரம் வீடியோவில் பேசுகிறாராம். மருமகளைவிட நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள் என்று போன வாரம் சம்பந்தியம்மா சொன்னாராம்.

செம்மலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தர் போதும். பாவிகளுக்கு எழுதியதை அழித்தார், விடுப்புக் கடிதத்தையும் எடுத்தார். வலைப்பூ பிழைத்தது.

ஆனால் பதினோரு பேர் மீதிருந்த கோபம் மட்டும் அடங்கவில்லை.

"ஒரு வரி படிக்காம பாராட்டுறாங்கம்மா. எழுதுறவன் மனசு என்ன பாடுபடும்னு நெனைக்க வேணாமா?"

"ஆமா சார்," என்றார் ஞானமணி மெதுவாக.

"இவ்வளவு ஆசையாப் படிக்கிற நீங்க, ஒரு வருசமா எனக்கு ஒரு வார்த்தை எழுதலையே. ஏம்மா?"

"கோவமெல்லாம் இல்ல சார். எழுதக் கை வரல, அவ்வளவுதான். போன வருசம் எங்க வீட்டுக்காரரு தவறிப்போன சேதியப் போட்டிருந்தேன். மொத ஆளா நீங்கதான் எழுதியிருந்தீங்க, 'படிக்கும்போதே நாவில் நீர் ஊறுகிறது'ன்னு."