சொல்லிக்கொடுத்த சாட்சி

“இன்னொரு தரம் சொல்லு புள்ள, பாப்போம்!”

“மெஷினுக்கு கவர் போட்டுத்தான் இருந்துச்சு. தம்பிதான் அவசரத்துல அதக் கழட்டிக் கைய விட்டு, நாலு வெரலையும் போக்கிக்கிட்டான்.”

“ம். அதுல ஒரு சொல்லு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.”

தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீரசிங்கம் காலையிலிருந்து ஆறாவது தடவையாக ஜீவராணிக்குப் பாடம் நடத்துகிறார். தொழிலாளர் விபத்துகளை விசாரிக்கும் தொழில் அதிகாரி பதுளையிலிருந்து வருகிறாராம். ‘தோட்டத்தில் நடந்த விபத்து பற்றி விசாரணை. கொழுந்து எடுக்கும் ஜீவராணி கட்டாயம் இருக்க வேண்டும்’ என்று நேற்று கடிதம் வந்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் கொழுந்து அரைக்கும் மெஷினில் அவளுடைய தம்பி ஜெயரூபனின் நாலு விரல்கள் போயின. மெஷினின் கவர் உடைந்து இரண்டு மாதமாகியும் யாரும் வேறொன்று மாட்டவில்லை. ‘விறகு வெட்டும்போது பட்டது’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லவைத்து, விஷயத்தை அப்படியே அமுக்கியாயிற்று.

“யாரோ போட்டுக் குடுத்திட்டானுங்க,” என்று பொருமினார் வீரசிங்கம். “நீ மாத்திச் சொன்னியோ, தம்பிக்கு வேலையும் இல்ல, ஒங்களுக்கு லயத்துல குடியிருக்கக் காம்பராவும் இல்ல. தொரையே சொல்லிட்டாரு.”

ஜீவராணி முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். சொல்வதா வேண்டாமா என்று மனம் கிடந்து அல்லாடியது. பாவம், அந்தப் பையன் இனிக் கரண்டி பிடிக்கவே பழக வேண்டும்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி அலவி, தோட்டத்து மேனேஜரான துரைக்கு எதிரில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்.

“நடந்தத இவங்கட வாயாலேயே கேக்கணும். முடியிற வரைக்கும் ஒருத்தரும் இடையில பேசக்கூடாது. பயப்படாம சொல்லுங்க ஜீவராணி. அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

அவள் கிளாக்கரைப் பார்த்தாள். ‘சொல்லு’ என்று அவர் கண்ணைக் காட்டினார்.

“மெஷினுக்கு கவர் போட்டுத்தான் இருந்துச்சு சேர். தம்பிதான் அவசரத்துல அதக் கழட்டிக் கைய விட்டு, நாலு வெரலையும் போக்கிக்கிட்டான்.”

துரை திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். அலவியின் பேனா நின்றது.

“எந்த மெஷின்? யாருட வெரல்? போன மாசம் ஒங்க எட்டுப் பேருக்குக் குளவி கொட்டினதப் பத்தித்தானே நான் விசாரிக்க வந்தேன்?”

வீரசிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. குளவி கொட்டுவதையெல்லாம் அந்தத் தோட்டத்தில் யார் விபத்தென்று எண்ணினார்கள்?

“இப்படியொரு விபத்த எங்கட ஒபிஸுக்கு அறிவிக்கவே இல்லையே! அந்தத் தம்பியக் கூப்பிடுங்க. மெஷினையும் நான் பாக்கணும்,” என்று அலவி எழுந்தார்.

“என்ன புள்ள, இப்படிப் பண்ணிட்ட?” வீரசிங்கம் பல்லைக் கடித்தார்.

“நீங்க சொல்லிக்குடுத்ததத்தானேங்க ஐயா சொன்னேன்!”

குளவி விஷயமாகத்தான் வருகிறேன் என்று அலவி முந்தாநாளே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்ததை மட்டும், ஜீவராணி ஒருவரிடமும் சொல்லவில்லை.